பார்வதிப் பள்ளத்தாக்கில் அரை நாள் காணாமல் போனவன் எழுதுவது

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண்புரை அறுவை முடிந்து ஒரு வாரம் எதையும் படிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பேத்தியை உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். பாதியில் நிறுத்திவிட்டு, "அவ்ளோ பெரிய ஆளு எப்படித் தாத்தா காணாமப் போவாங்க?" என்று கேட்டாள். நானே அரை நாள் காணாமல் போனவன் என்று அவளிடம் சொல்லவில்லை. உனக்கும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

உன் பையன் கதிர் இமாச்சலப் பிரதேசத்துப் பார்வதிப் பள்ளத்தாக்குக்குத் தனியாகப் போகிறான் என்றதும் நீ எதையெதையோ தேடிப் படித்துவிட்டுத் தூங்காமல் கிடக்கிறாய். நீ படித்ததில் பெரும்பாலும் பொய் இல்லை. 1990-களிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் அங்கே காணாமல் போயிருக்கிறார்கள். பலர் என்ன ஆனார்கள் என்பதற்கு இன்றுவரை விடை இல்லை.

2017 செப்டம்பரில் நான் போனபோது அந்தப் பள்ளத்தாக்கிலுள்ள கசோல் ஊரில் ஒரு டீக்கடைச் சுவரில் 'காணவில்லை' தாள் ஒன்றைப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது, உறைக்குள்ளேயே ஈரம் கோத்திருந்தது. வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போய்விடும் போல. அந்தப் பையனின் முகம், பல், சட்டை எல்லாம் வெளிர் நீலமாகிவிட்டிருந்தன. ஒரு மூலை காற்றில் பிய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் எனக்கு டீயைக் கொடுத்துவிட்டு, அடுப்படியிலிருந்து ஒரு ஆணியையும் கல்லையும் எடுத்து வந்து அந்த மூலையை அடித்தார். "இவங்க அப்பா வந்து ஒட்டினது. மறுபடி வருவார்" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

இடத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், அப்போதுதான் உனக்குப் பிடிபடும். பார்வதி ஆறு மேலே மந்தலாய் ஏரிப் பக்கத்துப் பனிப்பாறைகளில் கிளம்பி, புந்தரில் பியாஸ் ஆற்றில் சேர்கிறது. மணிகரண் தாண்டி பர்ஷைனி வரை சாலை உண்டு. அங்கிருந்து ஒரு நாள் நடந்தால் கீர்கங்கா. வெந்நீர் ஊற்று இருப்பதால் அதுவரை கூட்டம்தான். அதற்கு மேலே மந்தலாய், அப்புறம் 5,319 மீட்டர் உயரத்தில் 'பின் பார்வதி' என்கிற கணவாய், அதைத் தாண்டினால் ஸ்பிதி பள்ளத்தாக்கு. கீர்கங்காவுக்கு மேலே ஊர் கிடையாது. ஆடு மேய்க்கிற 'கத்தி' (Gaddi) இனத்தாரும் சில சாதுக்களும்தான்.

காணாமல் போனவர்களைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சரஸ் என்கிற கஞ்சாப் பிசின் விற்கிற வியாபாரிகள் தீர்த்துக்கட்டிவிட்டார்கள் என்பார்கள். பாஸ்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சாமியாராக எங்கோ குகையில் இருக்கிறான் என்பார்கள். இதையெல்லாம் வெறும் கட்டுக்கதை என்று நான் தள்ளமாட்டேன். 2000-ஆம் ஆண்டு கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்த வெளிநாட்டவர்களைத் தாக்கிக் கொன்றது நிஜமாக நடந்ததுதான். 2016-இல் ஓர் அமெரிக்கர் ஒரு சாதுவோடு மந்தலாய்க்குப் போய்த் திரும்பவில்லை. காட்டில் பிழைப்பது எப்படி என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவர் அவர். நான் திரும்பாவிட்டால் தேடாதீர்கள் என்று விளையாட்டாக எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்தச் சாதுவைப் பிடித்தார்கள். காவலில் இருக்கும்போதே அவர் இறந்துபோனார். அவரைக் கூட்டிப்போனவரும் போய்விட்டால் அப்புறம் யாரிடம் கேட்பது?

ஆனால் சேகர், அந்த ஆற்றின் ஓரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் கொலைகாரன் எல்லாம் தேவையே இல்லை என்று தோன்றிவிடும். சாம்பல் கலந்த பால் மாதிரி தண்ணீர். உள்ளே பாறை உருளும் சத்தம் காலுக்கடியில் அதிர்வாகத் தெரியும். விழுந்த ஆள் பாறை இடுக்கில் செருகிக்கொண்டால் மேலே வரவே மாட்டான். இன்னொன்று, மேலே உள்ள ஓடைகள் எல்லாம் பனி உருகி வருபவை. காலையில் கணுக்கால் அளவு இருக்கும், பிற்பகலில் அதே இடத்தில் இடுப்புக்கு வந்து இழுக்கும். காலையில் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனவன் சாயங்காலம் அதே நினைப்பில் திரும்பிக் காலை வைக்கிறான்.

அப்புறம் குளிர். உறைபனி வேண்டியதில்லை, நனைந்த துணியும் காற்றும் போதும். உடல் மிகவும் குளிர்ந்துவிட்டால் சிலருக்குக் கடைசி நேரத்தில் வெந்து போவது மாதிரி இருக்குமாம், துணியைக் கழற்றி எறிந்துவிடுவார்களாம். சிலர் பொந்து, புதர் என்று எதற்குள்ளாவது புகுந்துகொள்வார்கள். சட்டை ஒரு பக்கம், காலணி ஒரு பக்கம், ஆள் புதருக்குள். பார்க்கிறவனுக்கு அது கொலையாகத்தானே தெரியும்?

சரி, என் கதைக்கு வருகிறேன். கீர்கங்காவுக்கு இரண்டு வழி. நக்தான் ஊர் வழியாக ஒன்று, கல்கா பக்கம் காட்டுக்குள் ஒன்று. இறங்கும்போது கூட வந்தவர்களை முன்னால் நக்தான் வழியாகப் போகவிட்டு, எனக்குக் கூட்டம் பிடிக்கவில்லை என்று அவர்களிடம் சொல்லாமலே காட்டு வழியில் இறங்கினேன். ஐம்பத்தெட்டு வயசில் வந்த திமிர். ஒரு மணி நேரம் ஒழுங்காகத்தான் போனது. சிறுநீர் கழிக்கப் பாதையை விட்டு இருபது அடி இறங்கினேன். திரும்பி ஏறினால் பாதை இருந்தது, ஆனால் அது பாதை இல்லை, ஆட்டுத் தடம். அதில் போய், இன்னொன்றில் திரும்பி, மேகம் இறங்கி மூடிக்கொண்டது. நேராகத்தான் நடக்கிறேன் என்பதில் எனக்குத் துளிகூடச் சந்தேகமில்லை. ஒரு தேவதாரு அடிமரம், மின்னல் பட்டுக் கருகியது, அதன் மேல் யாரோ ஆரஞ்சு மிட்டாய்க் காகிதத்தைச் செருகி வைத்திருந்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து அதே காகிதம்.

2009-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்து ஆய்வாளர்கள் காட்டுக்குள்ளும் பாலைவனத்திலும் ஆட்களை நேராக நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். சூரியனோ நிலவோ தெரிந்தவரை ஓரளவு நேராகப் போனார்கள், மூட்டம் போட்டதும் வட்டமடித்தார்கள், அது அவர்களுக்கே தெரியவில்லை. இதைப் பிற்பாடு படித்தபோது எனக்கு அந்த மிட்டாய்க் காகிதம்தான் ஞாபகம் வந்தது. அன்றைக்குக் காகிதத்தைப் பார்த்ததும் காதுக்குள் ஒரு இரைச்சல் ஆரம்பித்தது. ஓடவேண்டும் போல இருந்தது, எந்தப் பக்கம் என்றில்லை, சும்மா ஓடவேண்டும். ஓடியிருந்தால் அந்தச் சுவரில் என் படமும் நீலமாகியிருக்கும். முட்டி வலிதான் காப்பாற்றியது. உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து ஆட்டு மணிச் சத்தம் கேட்டது. கத்தினேன். ஒரு பையன், பதினைந்து வயசுகூட இருக்காது, வந்து என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நூறு தப்படி தள்ளி இருந்த பாதையைக் காட்டினான்.

இதில் என்னைப் பிற்பாடு உறுத்தியது அந்த நூறு தப்படி இல்லை. நான் கல்கா பக்கம் இறங்கினேன் என்பது அந்த மலையில் யாருக்குத் தெரியும்? கூட வந்தவர்கள் இரவு வரை பார்த்திருப்பார்கள், வழியில் தங்கிவிட்டான் என்று தூங்கியிருப்பார்கள். வீட்டில் நான்கு நாள் போன் வராது என்று நானே சொல்லிவிட்டு வந்திருந்தேன். அந்தப் பள்ளத்தாக்கில் தொலைந்த பலரின் விஷயத்தில் மர்மம் இங்கேதான் தொடங்குகிறது என்று எனக்குப் படுகிறது. எந்த நாள், எந்த ஓடை, எந்தப் பக்கம் என்பதே தெரியாது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அது அவர் படுத்த இடத்தைச் சொல்லும், நடந்த இடத்தைச் சொல்லாது. தேட ஆள் வரும்போது பல வாரம் போயிருக்கும், பனி விழத் தொடங்கியிருக்கும்.

நேரம் தெரிந்தாலும் கிடைத்துவிடுவார்கள் என்று இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2013-இல் அமெரிக்காவில் மெய்ன் மாநிலக் காட்டில் 66 வயதுப் பெண்மணி ஒருவர், என்னைப் போலவே இயற்கை உபாதைக்காகப் பாதையை விட்டு விலகி வழி தவறினார். கணவர் அடுத்த சாலையில் காரோடு காத்திருந்தார். தேடல் இரண்டே நாளில் தொடங்கியது, நாய்கள்கூட வந்தன. அவர் அனுப்பிய குறுஞ்செய்திகள் சிக்னல் இல்லாமல் போய்ச் சேரவே இல்லை. கூடாரத்தில் குறைந்தது 26 நாள் உயிரோடு இருந்து நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். உடல் கிடைத்தது 2015-இல், பாதையிலிருந்து மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. ஆனாலும் அந்தக் குடும்பத்துக்கு ஓர் இடம் கிடைத்தது. கசோல் சுவரில் ஆணி அடிக்கிற நிலைமை இல்லை.

நம் நாட்டில் ஏழு வருஷம் தகவல் இல்லாவிட்டால் இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பென்ஷனுக்கும் பத்திரத்துக்கும் அது உதவும். அந்த அப்பாவுக்கு என்ன உதவும் என்று தெரியவில்லை.

கதிரைப் போகாதே என்று சொல்லாதே. சொன்னால் சொல்லாமல் போவான், அதுதான் இதில் மோசமானது. கீர்கங்காவுக்கு மேலே போவதாக இருந்தால் ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிப்போகச் சொல். எந்த வழியில் ஏறுகிறான், எந்த வழியில் இறங்குகிறான், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் நீ போலீசைக் கூப்பிடவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள். நடுவில் மனசு மாறி வேறு வழியில் போனால், டீக்கடையிலாவது சொல்லிவிட்டுப் போகட்டும். ஓடையைக் காலையில் மட்டும் தாண்டட்டும். பாதை தவறினால் அங்கேயே உட்காரட்டும்.

கூரியரில் ஒரு விசில் அனுப்பியிருக்கிறேன். அந்த ஆட்டுக்காரப் பையனிடம் கத்தித் தொண்டை கட்டிப்போய்க் கீழே வந்ததும் முதலில் வாங்கியது அதுதான். அப்புறம் ஒரு தடவைகூட ஊதவில்லை. கதிர் சிரிப்பான், பரவாயில்லை, பையின் வாரிலேயே கட்டிவிடு. இந்தக் கடிதத்தைத் தங்கச்சி கண்ணில் படாமல் வை. அவன் திரும்பி வந்த அன்று எனக்கு ஒரு போன் போடு, ராத்திரி எத்தனை மணியானாலும் சரி.

அன்புடன்,
ராஜாராம்