அந்த நைட் டூட்டி நர்ஸ் அக்காவுக்கு

உங்கள் பெயரைக் கேட்கவே தோன்றவில்லை அக்கா, மன்னிக்கணும். எங்கள் அத்தையின் கடைசி ராத்திரியில் டூட்டியில் இருந்தவர் நீங்கள்.

கட்டிலருகே மரம் மாதிரி நின்றிருந்தேன். "பேசுங்க தம்பி. கண்ணு திறக்கலைன்னாலும் காது கேக்கலாம்" என்றபடியே ஈரப் பஞ்சால் அத்தையின் உதட்டை ஒற்றினீர்கள். என்ன பேசுவது? சைக்கிள் பழகிய கதையை ஆரம்பித்தேன். சீட்டைப் பிடித்திருக்கிறேன் என்று சத்தியம் பண்ணிவிட்டு, எப்போதோ கையை விட்டுப் பின்னால் நின்று சிரித்தவர் அத்தை. (முழங்கால் தழும்பு இன்னும் இருக்கிறது.) பரீட்சை நாட்களில் எனக்குத் துணையாக விழித்திருக்கிறேன் என்று உட்கார்ந்து, எனக்கு முன்னாலேயே தூங்கிப்போகிறவரும் அவர்தான். விடியும்வரை பேசினேன். ஒருதரம் விரல் அசைந்தது போலிருந்தது. நீங்களும் பார்த்தீர்கள், ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்தபின் அத்தையின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, பஞ்சுத்துணியில் சுற்றி என் கையில் வைத்தீர்கள். உடைந்த ஒரு பக்கக் கம்பியை அத்தையே கறுப்பு நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார். அந்த நூலை அவிழ்க்காமல் அப்படியே கொடுத்தீர்களே, அதற்கும் சேர்த்து நன்றி அக்கா.