கைராசி என்று எழுதியிருந்தாயே

அன்புள்ள செல்வி,

மகளுக்கு வேலை கிடைத்ததை இரண்டே வரியில் முடித்துவிட்டு, இட்லி கல்லாகிப்போனதற்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். "அத்தையின் கைராசி எனக்கு இல்லை" என்பது மட்டும் மூன்று இடத்தில் வருகிறது. மதுரையில் இருந்தவரை இதே கைதானே அரைத்தது? பெங்களூருக்குப் போன மூன்று மாதத்தில் கையா மாறிவிட்டது?

மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிருக்கு லுகோநாஸ்டாக் என்று பெயர். அது பெரும்பாலும் உளுந்திலும் அரிசியிலுமே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அது விடுகிற காற்றைப் பிடித்து வைப்பது உளுந்தின் வழுவழுப்பு. ஆக, பார்க்க வேண்டியது உளுந்தையும் சூட்டையும்தான். மதுரையில் ராத்திரி எட்டு மணிக்குக் கரைத்து வைத்தால் காலை ஐந்துக்கு மூடியைத் தள்ளும். உன் ஊரில் டிசம்பர் ராத்திரி பதினைந்து, பதினாறு டிகிரிக்கு இறங்கிவிடும். மாவு கேட்பதோ முப்பதுக்குப் பக்கத்தில். எட்டு மணி நேரத்தில் அது பாதி கூடப் புளித்திருக்காது. அதை எடுத்து ஊற்றினால் யார் ஊற்றினாலும் கல்தான்.

ஓவன் இருந்தால் உள் விளக்கை மட்டும் போட்டு மாவை உள்ளே வை. இல்லையென்றால் தெர்மாகோல் பெட்டியில் மாவுப் பாத்திரத்தோடு ஒரு பாட்டில் வெந்நீர் வைத்து மூடு. பாட்டில் பாத்திரத்தைத் தொடக் கூடாது. தொட்டால் அந்தப் பக்கத்து மாவு வெந்து கட்டி தட்டிவிடும். படுக்கப் போகும்போது வெந்நீரை ஒரு தடவை மாற்று. அப்படியும் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் ஆகலாம். கடிகாரத்தை விட்டுவிட்டு மாவைப் பார். ஏறக்குறைய இரண்டு மடங்கு எழும்பி, கரண்டியால் ஓரத்தைக் கிளறினால் உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டைகள் தெரிய வேண்டும்.

அடுத்தது உளுந்து. பாக்கெட்டில் தேதியைப் பார்த்தாயா? பழைய உளுந்து எத்தனை நேரம் ஆட்டினாலும் பொங்காது. தோல் நீக்கிய முழு உளுந்து 200 கிராம், வெந்தயம் ஒரு தேக்கரண்டி, இரண்டையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஊற வைத்தால் போதும். இட்லி அரிசி 800 கிராம், நான்கைந்து மணி நேரம். உளுந்தை முதலில் ஆட்டு. குளிர்ந்த தண்ணீராக எடுத்துக்கொள். ஒரேயடியாக ஊற்றாமல் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கை தெளித்துத் தெளித்து, கிரைண்டரில் அரை மணி நேரம். 200 கிராம் உளுந்து அரை லிட்டர் தண்ணீர் வரை குடிக்கும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு மாவைப் போட்டுப் பார்: மிதந்தால் எடு, அமிழ்ந்தால் இன்னும் ஆட்டு. அரிசி சன்ன ரவையாக விரலில் நெருடும்போதே எடுத்துவிடு. மையாக அரைத்தால் இட்லி பிசுபிசுக்கும். மிக்ஸியில் அரைப்பதாக எழுதியிருக்கிறாய். அது சீக்கிரம் சூடாகும், உளுந்தும் அவ்வளவு பொங்காது. ஐஸ் தண்ணீர் விட்டு, நடுநடுவே நிறுத்தி அரை. அரிசியையும் 600 கிராமாகக் குறைத்துக்கொள். கல்லுப்பு கிரைண்டர் அளவுக்கு 20 கிராம் சரியாக இருக்கும், மிக்ஸிக்கு 16.

இனி உன்னைக் கொஞ்சம் திட்ட வேண்டும். பொங்குமா பொங்காதா என்று ராத்திரி மூன்று தடவை மூடியைத் திறந்து, கரண்டி விட்டுக் கலக்கிப் பார்த்ததாக எழுதியிருக்கிறாய். உள்ளே சேர்ந்த காற்றை நீயே வெளியே விட்டிருக்கிறாய். காலையில் தட்டில் ஊற்றும் முன்னும் அடித்துக் கலக்காதே. மேலாக அள்ளி ஊற்று. போன வாரம் சரியாக வரவில்லை என்று இந்த வாரம் அரிசியை மாற்றினாய், சோடா உப்புப் போட்டாய், அவலும் சேர்த்தாய். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது கெடுத்தது என்று எப்படித் தெரியும்? ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று. முதலில் சூடு. உளுந்து வாங்கிய தேதி, கரைத்த நேரம், பொங்கிய நேரம், இந்த மூன்றையும் காலண்டர் ஓரத்தில் குறித்து வை. அத்தை எழுதி வைக்கவில்லைதான். ஒரே கடை உளுந்து, ஒரே கிரைண்டர், ஒரே அடுக்களை மூலை. அவருக்கு எழுத என்ன இருந்தது?

வேக வைப்பதில் நீ தவறு செய்ய மாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன். கொப்பரைத் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு தட்டை வை. பத்து, பன்னிரண்டு நிமிஷம். இறக்கி இரண்டு நிமிஷம் ஆறவிட்டு, தண்ணீர் தொட்ட கரண்டியால் எடு. சுடச்சுடப் பிய்த்தால் அடி தட்டிலேயே தங்கிவிடும்.

அப்படியும் ஒரு ஈடு தட்டையாகிப் போனால் அந்த மாவைத் தூக்கிப் போடாதே, சாயங்காலம் வெங்காய ஊத்தப்பம் ஊற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை மகளின் சிநேகிதிகள் எட்டுப் பேர் வருகிறார்கள் என்றாயே, சனி மத்தியானம் மூன்று மணிக்கே கரைத்து வைத்துவிடு. பெட்டிக்குள் வைத்து எத்தனை மணிக்குப் பொங்கியது என்பதை மட்டும் எழுது. அவளுக்கு எந்தக் கம்பெனி, எவ்வளவு தூரம் போய்வர வேண்டும், அதையும் எழுது.

அன்புடன்,
கோமதி