பல்கலைக்கழக அஞ்சலுக்கு உலாவி மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஆய்வு மாணவர்கள் பலர் பல்கலைக்கழக மின்னஞ்சலை உலாவியில் மட்டுமே பார்க்கிறார்கள். படிப்பு முடிந்து கணக்கு மூடப்பட்டால் ஆண்டுக்கணக்கான கடிதங்கள் போய்விடும். இலவசமாகக் கிடைக்கும் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் செயலியைக் கணினியில் நிறுவிக்கொள்வது நல்லது.

அதன் அமைப்புகளில், வரும் அஞ்சலுக்கு ஐமேப் (அஞ்சலைச் சர்வரிலேயே வைத்துக் கணினியுடன் ஒத்திசைக்கும் முறை), போர்ட் (இணைப்பு எண்) 993. அனுப்புவதற்கு எஸ்எம்டிபி என்ற முறை, போர்ட் 587. கணக்கு கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் சேவையில் இருந்தால் அங்கீகார முறையில் ‘ஓஆத்2’ (அந்தச் சேவையின் சொந்த உள்நுழைவுப் பக்கம் வழியாக அனுமதி பெறும் முறை) தேர்ந்தெடுக்க வேண்டும். செயலியில் நேரடியாக இடும் வழக்கமான கடவுச்சொல்லை அவை ஏற்பதில்லை. பலர் தடுமாறும் இடம் இதுதான். அஞ்சலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப்3 முறை வேண்டாம். இறக்கியதும் சர்வரில் அழிக்கும்படி அமைந்திருந்தால் கைபேசியில் ஒன்றும் மிஞ்சாது.

ஐமேப்பிலும் சர்வரில் அழிந்தது கணினியிலும் அழியும். அதனால் முக்கியமானவற்றைக் கணினியில் மட்டும் சேமிக்கும் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ பகுதிக்கு நகலெடுத்தே ஆக வேண்டும். கணினி மையங்கள் ஐமேப்பை முடக்காமல், இந்த எண்களை மாணவர் கையேட்டில் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
பல்கலைக்கழகக் கணினி மைய ஊழியர், கோவை