செயலாளரின் ஆண்டறிக்கை: வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரக நினைவுப் பணிகள்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்ட தொண்டர்கள் 28ஆம் தேதி வேதாரண்யம் வந்தார்கள். 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் தடையை மீறி உப்பு அள்ளினார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் நினைவுத் தூணுக்கு மாலையிட்டுக் கலைவது நம் வழக்கம். அதே மண்ணில் இன்றும் உப்பு வாருகிறவர்களை நாம் எட்டிப் பார்த்ததில்லை. இந்த ஆண்டுப் பணிகள் பெரும்பாலும் அந்தக் குறையைத் தீர்க்க எடுத்த முயற்சிகளே.

முதல் கண் பரிசோதனை முகாமை ஊருக்குள் மண்டபத்தில் காலை பத்து மணிக்கு வைத்தோம். உப்பளத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. அவர்கள் விடியுமுன்பே வேலைக்குப் போகிறவர்கள் என்பதை நாம் யோசிக்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது. மறுமுறை உப்பளத்தின் ஓரத்திலேயே பந்தல் போட்டு மாலையில் நடத்தினோம். வெயிலில் உப்பின் வெண்மை கண்ணில் அறைவதால் பார்வை மங்குவதாகப் பலர் சொன்னார்கள். கண்ணாடி தேவைப்பட்டவர்களுக்கு வாங்கிக் கொடுத்தோம். ரப்பர் பூட்ஸ் வாங்கும் யோசனையைக் கைவிட்டோம்: உள்ளே உப்புநீர் புகுந்தால் கால் வெடிப்பு இன்னும் எரியும் என்று பெண்கள் விளக்கினார்கள். அதற்குப் பதில் களிம்பு கொடுத்தோம்.

மழைக்காலத்தில் உப்பளங்களில் வேலை நிற்கும். அப்போது தொழிலாளர் குடும்பத்துக்குத் தமிழக அரசு ரூ.5,000 நிவாரணம் வழங்குகிறது. அட்டையில் ஒரு பெயரும் வங்கிப் புத்தகத்தில் வேறு எழுத்தும் இருந்தால் அந்தப் பணம் கைக்கு வருவது சிக்கல்தான். நம் உறுப்பினர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாரந்தோறும் சென்று விண்ணப்பங்களைத் திருத்தி எழுதிக் கொடுத்தார்கள். இந்த ஆண்டில் எனக்கு மிகுந்த நிறைவு தந்த பணி இதுவே.

பள்ளிகளில் வரலாற்று வகுப்புகள் தொடர்ந்தன. தொண்டர்களுக்குச் சோறிட்டால் சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் மிரட்டியபோது மக்கள் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலம் கட்டிவைத்ததையும், போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மறுத்துச் சிறை சென்ற வைரப்பனையும் பற்றிச் சொன்னோம். தன் பாட்டி உப்பு வாரப் போகிறார் என்று ஒரு மாணவன் எழுந்து சொன்னான். அடுத்த வகுப்புக்கு அந்தப் பாட்டியையே அழைத்து வந்து பேசவைத்தோம். பிள்ளைகள் அவரை விடவே இல்லை.

நினைவுத் தூணின் சுற்றுப்புறத்தை மாதம் ஒருமுறை துப்புரவு செய்தோம். புயல்காலத்தில் மட்டும் தடைப்பட்டது.

உப்பளத்தில் நிழலுக்கு ஒதுங்க இடமில்லை. குடிநீருடன் ஒரு கொட்டகை அமைக்க இப்பொதுக்குழு தீர்மானம் நிறைவேற்றித் தரவேண்டுகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்துச் சமர்ப்பிப்பார்.

பணிவுடன்,
செயலாளர்