அப்பாவுக்கு: மதில் சூழ்ந்த மூன்று ஊர்கள்

நூரம்பர்க், ஜெர்மனி,
செப்டம்பர் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசியபோது, அதற்கு முந்தைய நாள் சுற்றுலா போய் வந்த கதையைச் சொல்லத் தொடங்கினேன். முப்பது வருடம் ரம்பப் பட்டறைச் சத்தத்தில் நின்ற உங்கள் காதுக்கு என் குரல் எட்டவில்லை. அம்மா நடுவில் நின்று ஒவ்வொரு வாக்கியத்தையும் உரக்கத் திருப்பிச் சொன்னார்கள். ஆனால் நான் சொன்ன மதில், உங்களிடம் வந்து சேர்ந்தபோது மயிலாகியிருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். மேலும், அன்று நான் பார்த்தவற்றில் பாதி மரவேலை. அதை உங்களுக்கு அவசரமாகச் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

தொடர்ந்து ஐந்து இரவுப் பணி முடித்ததற்கு மூன்று நாள் விடுப்புக் கிடைத்தது. என்னோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்ணும் நானும் ஒரு சுற்றுலாப் பேருந்தில் இடம் பதிவு செய்தோம். காலை ஏழரைக்குக் கிளம்பி, மூன்று பழைய ஊர்களைக் காட்டி, இரவு எட்டு மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். வழிகாட்டியாக வந்தவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. நாங்கள் போன பாதைக்கு ‘ரொமான்டிக் சாலை’ என்று பெயர். வட பகுதியில் வூர்ட்ஸ்பர்க்கில் தொடங்கி, ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஃபூசன் வரை போகிறது. அரசர்கள் காலத்துப் பெயர் என்று நினைத்திருந்தேன். போருக்குப் பிறகு பயணிகளை வரவழைப்பதற்காக 1950இல் வைத்த பெயர் என்று அந்த அம்மையார் முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டார்.

முதல் ஊர் ரோத்தன்பர்க். டௌபர் என்னும் சிற்றாற்றின் பள்ளத்தாக்குக்கு மேலே, மேட்டில் இருக்கிறது. 1274 முதல் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட தன்னாட்சி நகரமாக இருந்து, 1802இல், இன்று ஜெர்மனியின் மாநிலமாக இருக்கும் பவேரியாவோடு சேர்க்கப்பட்டது. நகர்மன்றச் சதுக்கத்தில் ஒரு கடிகாரம். மணி அடிக்கும்போது இரண்டு பக்கமும் சன்னல் திறந்து, இரண்டு பொம்மைகள் வருகின்றன. 1631இல் ஊரைப் பிடித்த தில்லி என்ற தளபதி, மூன்றேகால் லிட்டர் மதுவை ஒரே மூச்சில் குடிப்பவர் இருந்தால் ஊரை அழிக்காமல் விடுகிறேன் என்றாராம். முன்னாள் மேயர் குடித்துக் காட்டினாராம். இந்தக் கதையைச் சொல்லிவிட்டு ஆசிரியை புன்னகைத்ததிலேயே அது எவ்வளவு உண்மை என்று புரிந்துவிட்டது. கூட்டம் கைபேசிகளை உயர்த்திப் பிடித்துக் காத்திருந்த அளவுக்கு அந்தப் பொம்மைகளிடம் விசேஷம் எதுவும் இல்லை.

விசேஷம் புனித யாக்கோபு தேவாலயத்தில் இருந்தது. அதன் மேற்குக் கோடியில், படியேறிப் போக வேண்டிய மாடத்தில், ஒரு மரப் பீடம் நிற்கிறது. அதன் சிற்பங்களை வூர்ட்ஸ்பர்க் நகரத்து டில்மன் ரீமன்ஷ்னைடர் 1500களின் தொடக்கத்தில் செய்தார். வர்ணம் பூசாத லிண்டன் மரம். அந்த நாளில் இங்கெல்லாம் சிலைகளுக்குப் பொன்னும் வர்ணமும் பூசுவதுதான் வழக்கம். இவர் பெரும்பாலும் மரத்தை மரமாகவே விட்டுவிட்டார். அதனால் உளி போன வழியெல்லாம் தெரிகிறது. இயேசுவின் கடைசி இராவுணவுக் காட்சியில், நடுவில் நிற்பவர் இயேசு அல்லர், காட்டிக்கொடுத்த யூதாஸ். கையில் பணப்பையோடு நிற்கிறான். இயேசு அவன் பக்கம் திரும்பி அப்பத்தை நீட்டுகிறார். அந்த யூதாஸ் சிலை தனியாகக் கழற்றி எடுக்கக்கூடியது. அதை எடுத்துவிட்டால், பின்னால் இயேசுவின் மடியில் சாய்ந்திருக்கும் சீடர் யோவான் கண்ணுக்குத் தெரிவார். காட்சிக்குப் பின்புறம் பேழையிலேயே சிறு கண்ணாடிச் சன்னல்கள் வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வந்து, முடிச்சுருள்களிலும் துணி மடிப்புகளிலும் நுழைந்து போகிறது. ஒரு சீடரின் பாதத்தில் நரம்பு புடைத்திருந்ததை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊசி போடுவதற்கு நரம்பு தேடும் வேலை பார்ப்பவள் என்பதால், அது சரியான இடத்தில்தான் ஓடுகிறது என்று என்னால் சொல்ல முடியும்.

உங்களுக்காக ஒரு தகவல் கேட்டு வைத்தேன். சிற்பங்களைத் தாங்கும் அந்த உயரமான பேழையைச் செய்தவர் சிற்பி அல்லர். எர்ஹார்ட் ஹார்ஷ்னர் என்ற உள்ளூர்த் தச்சர். சிற்பிக்குக் கூலி 60 கில்டர், தச்சருக்கு 50. “சாமி செய்தவனுக்கு மாலை, சட்டம் செய்தவனுக்கு மோர்” என்று நீங்கள் புலம்புவீர்களே, அது இங்கே ஐந்நூறு வருடத்துக்கு முன்பு அவ்வளவாகப் பொருந்தவில்லை. சிற்பியின் கதைதான் பின்னால் சோகமாகப் போயிற்று. வூர்ட்ஸ்பர்க்கின் மேயராகவும் இருந்த அவர், 1525இல் விவசாயிகள் கிளர்ச்சி தோற்றபோது சிறையில் அடைக்கப்பட்டு வதைக்கப்பட்டார். 1531இல் இறந்தார்.

ஊர் ஏன் இப்படிப் பழையபடியே நிற்கிறது என்று கேட்டேன். பணம் இல்லாததால், என்றார் ஆசிரியை. தில்லி ஊரைப் பிடித்த அந்த முப்பதாண்டுப் போருக்குப் பிறகு ஊர் நொடித்துப்போனது. வணிகம் வேறு வழியில் போய்விட்டது. இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓவியர்கள் வந்து பார்த்து, இதைப் பேரழகு என்றார்கள். எனக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகள் நினைவுக்கு வந்தன. நம் பக்கத்தில் வீட்டைப் பராமரிக்க முடியாமல் போனால் தூணும் கதவும் நிலையும் தனித்தனியாக அங்கே விலைக்கு வந்துவிடுகின்றன. நீங்களே எத்தனை பர்மாத் தேக்குக் கதவுகளைப் பழுது பார்த்து அனுப்பியிருக்கிறீர்கள். ஆக, இல்லாமை வீட்டைக் காக்கும் என்றும் சொல்வதற்கில்லை. வாங்க ஆள் இருக்கிறார்களா என்பதையும் பொறுத்தது.

ஆனால் நான் பழசு என்று நினைத்து ரசித்ததில் ஒரு பகுதி பழசே அல்ல. 1945 மார்ச் 31 அன்று அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டில் 306 வீடுகளும் 9 காவல் கோபுரங்களும் 600 மீட்டருக்கு மேல் மதிலும் அழிந்தன. கிழக்குப் பகுதி முழுவதும் பின்னால் கட்டியது. மதிலின் மேல், ஓட்டுக்கூரை வேய்ந்த மர நடைபாதையில் நடந்தால், உள்பக்கச் சுவரில் வரிசையாகக் கற்பலகைகள். மதிலைத் திரும்ப எழுப்ப மீட்டர் கணக்கில் பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் அவை. ஜப்பானியர் பெயர்களே ஏராளம். நம் ஊர்க் கோயிலில் குழல்விளக்கில் உபயதாரர் பெயரை எழுதி, வெளிச்சத்தையே மறைத்துவிடுவார்களே, அந்த அளவுக்குப் போகவில்லை; சிறிய எழுத்துதான். புதிதாகக் கட்டிய வீடுகளும் கூரைச் சரிவிலும் உயரத்திலும் பழைய வீடுகளை ஒத்தே இருக்கின்றன. ஆனால் பூச்சு வேலை எளிமையானது. அது தெரிந்த பிறகு, ஒவ்வொரு வீட்டின் முன்னும் நின்று, இது எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

யூதர் தெரு என்று ஒரு தெரு அப்படியே இருக்கிறது. மெய்ர் என்ற பெரும் ரபி (யூத மதகுரு) பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்த ஊரில் கற்பித்தார். 1298இல் இங்கிருந்த யூதர்களைக் கொன்றார்கள். மீண்டும் வந்து குடியேறியவர்களை 1520இல் விரட்டினார்கள். பல நூறு ஆண்டுகள் கழித்து வந்தவர்களில் கடைசியாக எஞ்சியவர்களை 1938 அக்டோபரில் துரத்தினார்கள். ஆசிரியை இதைச் சொன்னபோது, பூந்தொட்டிகள் வைத்த அந்தச் சன்னல்களின் கீழே, பேருந்தில் வந்த யாரும் படம் எடுக்கவில்லை.

அம்மா கேட்ட பலகாரம்: அதன் பெயர் ‘ஷ்னேபால்’, அதாவது பனியுருண்டை. சோமாசிக்குப் பிசைவது போன்ற மாவைத் தேய்த்து, நாடா நாடாவாகக் கீறி, சுருட்டி, இரும்புக் கிண்ணத்துக்குள் வைத்து மூடி எண்ணெயில் பொரித்து, மேலே சர்க்கரைத் தூள் தூவுகிறார்கள். கைக்குள் அடங்கும் பந்து அளவு. கடித்ததும் பாதி சட்டையில் உதிர்ந்தது. அம்மா செய்யும் சோமாசிக்கு ஈடாகாது.

இரண்டாவது ஊர் டிங்கல்ஸ்ப்யூல். ரோத்தன்பர்க்கைவிட எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது. போரில் தப்பிய ஊர். கூட்டமும் குறைவு. 1448 முதல் 1499 வரை கட்டிய தேவாலயத்துக்குள் எல்லோரும் போனபோது, எதிர்த் தெருவில் சாரம் கட்டியிருந்த வீட்டைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். நம் வீடுகளில் சுவர் கூரையைத் தாங்கும். இங்கே ஓக் மரச்சட்டம்தான் எல்லாவற்றையும் தாங்குகிறது. சட்டங்களின் இடைவெளியைக் குச்சி பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணால் அடைத்துச் சுண்ணாம்பு பூசுகிறார்கள். அந்த வீட்டில் இற்றுப்போன அடிச்சட்டத்தை வெட்டியெடுத்து, கறுத்த பழைய மரத்தோடு வெளிர்மஞ்சளான புது ஓக்கைப் பொருத்தியிருந்தார்கள். இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லை. நாக்கு வெட்டித் துளையில் இறக்கி, மர ஆணி அடித்து, ஆணியின் தலையை இரண்டு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டிருந்தார்கள்.

சாரத்தின் கீழே ஒரு பையன் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். கீழே அகன்ற கறுப்புக் கார்டுராய்க் கால்சட்டை, வெள்ளிப் பொத்தான் வைத்த கைவைக்காத மேல்சட்டை, அகல விளிம்புத் தொப்பி, பக்கத்தில் முறுக்கிய கைத்தடி. தொழில் கற்று முடித்த தச்சர்கள் சிலர் இங்கே இந்த உடையில் ஊர் ஊராகப் போய் வேலை செய்கிறார்கள். குறைந்தது மூன்று வருடமும் ஒரு நாளும். அதுவரை சொந்த ஊரைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் கால் வைக்கக் கூடாது, கைபேசியும் கூடாது. என் அரைகுறை ஜெர்மனில், என் அப்பா தச்சர் என்றேன். உடனே ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான். பழைய சட்டத்தில் தேய்ந்துபோன கோடுகளைத் தடவிக் காட்டினான்: வீட்டின் முழுச் சட்டத்தையும் முதலில் களத்தில் கிடத்திக் கோத்துப் பார்த்து, ஒவ்வொரு பொருத்திலும் குறி வெட்டிப் பிரித்து, மனையில் கொண்டுபோய்த் திரும்ப நிறுத்துவார்களாம். நிலைக்கதவுக்கு நீங்கள் பென்சிலால் போடும் அதே குறிதான். இவர்கள் உளியால் போட்டிருக்கிறார்கள். ஆணியை ரம்பத்தால் அறுக்கக் கூடாது, நார் ஓட்டத்திலேயே பிளந்து எடுக்க வேண்டும் என்றான். நாக்கில் போடும் துளையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால், ஆணி இறங்கும்போதே பொருத்தை இழுத்து இறுக்கிவிடும் என்று விரல்களால் செய்து காட்டினான். நீங்கள் மூங்கில் ஆணி அடிப்பீர்கள் என்று சொன்னதும் அவனுக்கு வியப்பு. துளையை நீங்களும் தள்ளிப் போடுவீர்களா என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. உங்கள் பட்டறையில் பதினேழு வருடம் விளையாடியவளுக்கு அது தெரியாமல் போனது கூச்சமாக இருந்தது. எத்தனை நாளாக ஊருக்குப் போகவில்லை என்று நான் கேட்டேன். பதினாறு மாதம் என்றான். என் கணக்கு இருபத்தொன்று.

இந்தப் பேச்சில் பேருந்துக்குப் பதினைந்து நிமிடம் தாமதமாகிவிட்டது. நாற்பது பேரும் என்னையே பார்த்தார்கள்; ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அதனால் மூன்றாவது ஊரான நோர்ட்லிங்கனில் கிடைத்தது முக்கால் மணி நேரம்தான். ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு விண்கல் விழுந்து உண்டான, 25 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளத்துக்குள் ஊர் உட்கார்ந்திருக்கிறது. மதிலும் வட்டமாகவே சுற்றுகிறது. 90 மீட்டர் உயரத் தேவாலயக் கோபுரத்தை அந்த மோதலில் உருகிக் கலந்த பாறையைக் கொண்டே கட்டியிருக்கிறார்கள். கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத வைரத் துணுக்குகள் இருக்கின்றன. நிலவுக்குப் போக இருந்த அப்பல்லோ வீரர்கள் 1970இல் இங்கே வந்து பாறை பார்க்கப் பழகினார்கள். கோபுரத்தில் ஏற நேரமில்லை. தோழி என்மேல் கோபமாக இருந்ததால் ஏறலாம் என்று கேட்கவும் துணியவில்லை.

அந்தப் பையனிடம் கைபேசி இல்லை. அடுத்த மாதம் எந்த ஊரில் இருப்பான் என்பது அவனுக்கே தெரியாது. உங்கள் பதிலை அவனிடம் சேர்க்க எனக்கு வழியில்லை. ஆனாலும் எழுதுங்கள் அப்பா. தம்பியை எழுதச் சொல்லாமல், நீங்களே உங்கள் கையால், துளையை எங்கே போடுவீர்கள் என்று பொருத்தின் படமும் வரைந்து அனுப்புங்கள். சாரத்து வீட்டின் படம் இரண்டை இதனுடன் வைத்திருக்கிறேன். மருந்தை வேளை தவறாமல் சாப்பிடுங்கள்.

உங்கள் அன்பு மகள்