பழைய டர்போ செடானா, வேகமான ஹேட்ச்பேக்கா: விட்டுப்போன கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பெர்ஃபார்மன்ஸ் கார் வாங்குவது பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரே பட்ஜெட்டில் கிடைக்கும் வேகமான ஹேட்ச்பேக்குகளையும் டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) உள்ள செடான்களையும் ஒப்பிட்டு, குதிரைத்திறனையும் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஆகும் நொடிகளையும் காட்டி, செடானே லாபம் என்று முடித்திருக்கிறார் கட்டுரையாளர். எண்கள் சரிதான். ஆனால் அவை கார் புதிதாக இருந்தபோது எடுத்த எண்கள். பத்து, பதினைந்து வருடம் ஓடி, மூன்று நான்கு கை மாறிய வண்டியை வாங்குகிறவருக்குத் தேவையான கணக்கு வேறு. அது கட்டுரையில் விட்டுப்போயிருக்கிறது.

பெரிய செடானின் விலை சீக்கிரம் சரிந்துவிடும். நல்ல ஹேட்ச்பேக்கை எப்போதும் நாலு பேர் தேடிக்கொண்டிருப்பதால் அதன் விலை அவ்வளவு சரியாது. அதனால்தான் 200 குதிரைத்திறன் ஹேட்ச்பேக்கின் விலைக்கு 300 குதிரைத்திறன் செடான் கிடைப்பதுபோலத் தெரிகிறது. சரிவது வண்டியின் விலை மட்டும்தான். உதிரிபாகத்தின் விலை சரிவதில்லை. 2006-ல் வந்த பிஎம்டபிள்யூ 335ஐ செடான் இன்று என்ன விலைக்குக் கைமாறினாலும், அதன் இரண்டு டர்போவும் பெட்ரோலைத் தெளிக்கும் ஆறு இன்ஜெக்டரும் விலை உயர்ந்த காருக்கான பாகங்களாகவே விற்கப்படுகின்றன. எனவே கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டியிலேயே போட்டுவிடக் கூடாது. ஹேட்ச்பேக் என்றால் வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கு, டர்போ செடான் என்றால் மூன்றில் ஒரு பங்கு முதல் வருடச் செலவுக்குத் தனியாக இருக்க வேண்டும். அது இல்லையென்றால் அந்தச் செடான் நமக்குக் கட்டுப்படியாகாத வண்டி என்றுதான் அர்த்தம்.

இதைச் சொன்னவுடன் ஹேட்ச்பேக் எல்லாம் செலவில்லாதவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பாடி எத்தனை கதவு என்பதைவிட, பானட்டுக்குள் எந்தக் குறியீட்டு எஞ்சின் இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐயையே எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் தலைமுறையில் பெரும்பாலும் இருப்பது இஏ113 என்ற 2.0 லிட்டர் டர்போ, 200 குதிரைத்திறன், வால்வுகளை பிஸ்டனோடு நேரம் பிசகாமல் இயக்க டைமிங் பெல்ட். 2009-ல் வந்த ஆறாம் தலைமுறையில் இருப்பது இஏ888, 210 குதிரைத்திறன், பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின். வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி. உள்ளே கெட்டுப்போகும் இடங்கள் வெவ்வேறு.

இஏ113-ல் பார்க்க வேண்டியது கேம் ஃபாலோயர். உயர் அழுத்த எரிபொருள் பம்ப்பை, வால்வுகளைத் திறக்கும் இன்டேக் கேம்ஷாஃப்ட்டின் முனையில் உள்ள லோப் (மேடு) இயக்குகிறது. இரண்டுக்கும் நடுவே, குப்பி மூடி அளவில், கறுப்புப் பூச்சுடன் ஒரு சின்ன எஃகுக் கிண்ணம் இருக்கும். அதுதான் ஃபாலோயர். எஞ்சின் ஆறியிருக்கும்போது எரிபொருள் லைனின் அழுத்தத்தை இறக்கிவிட்டு, பைப்பைக் கழற்றி, பம்ப்பைப் பிடித்திருக்கும் மூன்று போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் பம்ப் வெளியே வந்துவிடும். உள்ளே ஸ்பிரிங் இருப்பதால் ஒரே போல்ட்டை முதலில் முழுவதுமாகக் கழற்றக் கூடாது. ஃபாலோயரை எடுத்து, கேம் படும் முகத்தைப் பாருங்கள். கறுப்பு அப்படியே இருந்தால் நல்லது. நடுவில் வெள்ளிபோலப் பளபளக்கும் வட்டம் விழுந்திருந்தால் பூச்சு போய்விட்டது, மாற்ற வேண்டும். ஓட்டையே விழுந்திருந்தால் லோப்பும் தேய்ந்திருக்கும்; கேம்ஷாஃப்ட், பம்ப் இரண்டுக்கும் செலவு வரும். ஃபாலோயர் மிக மலிவான பாகம். 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்தவர் விற்கிற வண்டியையும், அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர் விற்கிற வண்டியையும் ஒரே விலைக்குக் கேட்கலாமா?

ஆறாம் தலைமுறையில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் முதல் சில வருடத்து எஞ்சின்களில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பூட்டு உடைந்துபோகும். எஞ்சின் நின்றிருக்கும்போது டென்ஷனர் உள்ளே வாங்கிக்கொள்ள, செயின் தொய்ந்துவிடும். அடுத்த ஸ்டார்ட்டில் பல் தாவி, வால்வும் பிஸ்டனும் மோதும். 2012 வாக்கில்தான் திருத்திய டென்ஷனர் வந்தது. அதற்கு முந்தைய வண்டி என்றால், மாற்றியதற்கான பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

மினி கூப்பர் எஸ்-ல், 2006-ன் இறுதியிலிருந்து வந்த என்14 எஞ்சினைப் பற்றியும் கட்டுரை ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஓட்ட அருமையான வண்டி. ஆனால் ஆயில் குறையும், குறைந்த ஆயிலில் செயின் டென்ஷனர் சரியாக வேலை செய்யாது, காலையில் முதல் ஸ்டார்ட்டில் தகரத்தைக் குலுக்குவதுபோல் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் பேரம் பேசாமல் திரும்பிவிடலாம். 2010-ல் வந்த என்18 எஞ்சின் இதைவிடத் தேறியது.

இப்போது செடான் பக்கம். 335ஐ-யின் என்54 எஞ்சின் 306 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 1,300 சுற்றிலேயே 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் அற்புதமான எஞ்சின். அதன் எரிபொருள் பம்ப், இன்ஜெக்டர் கோளாறுகள் எல்லோருக்கும் தெரிந்தவை. அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று, ஆயில் ஃபில்ட்டர் ஹவுசிங்கின் ரப்பர் கேஸ்கெட். வெப்பத்தில் அது கல்போல் இறுகி, ஆயில் கசியத் தொடங்கும். கசிகிற ஆயில் நேராகக் கீழே உள்ள துணை பெல்ட்டின் மேல் விழுகிறது. நனைந்த பெல்ட் வழுக்கி, நைந்து, புல்லியைவிட்டு வெளியே வருகிறது. மோசமான நேரத்தில் பெல்ட்டின் நார்கள் கிராங்க் புல்லிக்குப் பின்னால் சுற்றி, முன்பக்க ஆயில் சீலைத் துளைத்து எஞ்சினுக்குள்ளேயே போய்விடும். உள்ளே போன நார் ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்தால் பேரிங் போயிற்று. ஒரு ரப்பர் கேஸ்கெட்டைக் கவனிக்காமல் விட்டதன் விலை ஒரு முழு எஞ்சின். எனவே டார்ச் அடித்து ஹவுசிங்கின் கீழ்ப்பகுதியையும் பெல்ட்டின் விளிம்பையும் பார்க்காமல் இந்த எஞ்சின் உள்ள எந்த வண்டிக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இதன் வாட்டர் பம்ப்பும் மின்சாரத்தில் ஓடுவது. பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் நிற்கும். 1,00,000 கிலோமீட்டர் தாண்டியும் பழைய பம்ப்பே இருந்தால், தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து மாற்றும் செலவு உங்கள் தலையில்தான்.

நான்கு சக்கரமும் இழுக்கும் டர்போ செடான்கள் தனி ரகம். சுபாரு இம்ப்ரெசா எஸ்டிஐயின் 2.5 லிட்டர் ஈஜே25 எஞ்சினில் பிஸ்டன் ரிங் உட்காரும் வரப்பு உடைவது பிரபலமான நோய். காரணம் நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பது. அரைகுறையாகச் செய்த ரீமேப் (சக்தியைக் கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது), தரம் குறைந்த பெட்ரோல், அடைத்த இன்ஜெக்டர், எது வந்தாலும் முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் நான்காவது சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுக்காமல் இந்த எஞ்சினை வாங்கக் கூடாது. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டிக்க வேண்டும், த்ராட்டில் முழுவதும் திறந்திருக்க வேண்டும். நான்கு சிலிண்டருக்குள் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அடுத்து, சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்திக் கசிவைப் பார்க்கும் லீக்டவுன் டெஸ்ட். அதிலும் அதே சிலிண்டர் தோற்றால் வேறு வண்டி பார்க்க வேண்டியதுதான்.

மிட்சுபிஷி லான்சர் எவோவில் ஒன்பதாவது வரை வந்த 4ஜி63 இரும்பு பிளாக் எஞ்சின் கெட்டியானது. அதற்கு டைமிங் பெல்ட்டோடு, அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்கு இன்னொரு சின்ன பெல்ட்டும் உண்டு. பெரியதை மாற்றிவிட்டுச் சின்னதை விட்டுவிடுகிற மெக்கானிக் உண்டு. சின்னது அறுந்தால் பெரியதில் போய்ச் சிக்கும். பில்லில் இரண்டு பெல்ட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பத்தாவது எவோவில் செயின் வந்ததால் அந்தக் கவலை இல்லை; அதில் பின்பக்க டிஃபரென்ஷியலை (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) இயக்கும் ஹைட்ராலிக் பம்ப் துருப்பிடித்துப் போவதுதான் பெருஞ்செலவு. டாஷ்போர்டில் அதற்கான எச்சரிக்கை ஏதாவது வருகிறதா என்பதைக் கண்ணால் பாருங்கள். 

டயரும் வண்டியின் கதையைச் சொல்லிவிடும். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில் நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், கிட்டத்தட்ட ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். முன்னால் புதிது, பின்னால் வழுக்கை என்று ஓட்டினால் சுற்றளவு வித்தியாசத்தால் சென்டர் டிஃபரென்ஷியல் இடைவிடாமல் உழைத்துச் சூடாகிக் கெடும். ஒரு டயர் பஞ்சரானாலும் சில சமயம் நான்கையும் மாற்ற நேரும் என்பதைச் செடானின் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். முன்சக்கர ஹேட்ச்பேக்கில் முன் டயரின் உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள். உள்பக்கம் மட்டும் மழமழவென்றிருந்தால் லோயர் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கலாம், அலைன்மென்ட் போயிருக்கலாம், இல்லை அடிவாங்கிய வண்டியாகவும் இருக்கலாம்.

இவ்வளவுக்கும் நடுவில் டர்போவே இல்லாத ஹேட்ச்பேக்கைக் கட்டுரை இரண்டே வரியில் கடந்துபோனது எனக்கு வருத்தம். 2001 முதல் 2005 வரை வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர், அந்த கே20 எஞ்சின், 200 குதிரைத்திறன், ஏறக்குறைய 1,200 கிலோ எடை. டர்போ இல்லை, இன்டர்கூலர் இல்லை, பூஸ்ட் லீக் இல்லை. பெட்ரோல் இன்டேக் போர்ட்டிலேயே தெளிக்கப்படுவதால், நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சின்களைப் போல வால்வில் கரி படிந்து மூச்சுமுட்டுவதும் இல்லை. 5,800 சுற்றுக்கு மேல்தான் அதன் உயிர் இருக்கிறது என்பது உண்மை. கீழே டர்போவின் இழுவை கிடையாது. ஆனால் கையில் அளவான பணத்தோடு முதல் பெர்ஃபார்மன்ஸ் கார் தேடுகிறவருக்கு இதைவிடப் பாதுகாப்பான தேர்வு இந்தப் பட்டியலில் எனக்குத் தெரியவில்லை. பார்க்க வேண்டியது கியர்பாக்ஸ்: இரண்டிலிருந்து மூன்றுக்கு உயர் சுற்றில் மாற்றும்போது கரகரவென்றால் கியர்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சின்க்ரோ போய்விட்டது. ஆயில் டிப்ஸ்டிக்கையும் பாருங்கள், உயர் சுற்றில் ஓட்டினால் இது ஆயில் குடிக்கும்.

செடான் யாருக்கு? நெடுஞ்சாலையில் தினமும் நீண்ட தூரம் போகிறவருக்கு, பின்சீட்டில் பெரியவர்களை உட்கார வைக்க வேண்டியவருக்கு, அந்த எஞ்சினைத் தெரிந்த மெக்கானிக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவருக்கு. அவர்களுக்கு 335ஐ தரும் நிதானமான வேகத்தை எந்த ஹேட்ச்பேக்கும் தராது. மூன்றாவது நிபந்தனை இல்லாமல் முதல் இரண்டு மட்டும் இருந்தால் வாங்க வேண்டாம்.

எந்த வகையானாலும் பார்க்கப் போகும் முறை ஒன்றுதான். எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானட்டில் கைவைத்துப் பாருங்கள். முதல் ஸ்டார்ட்டின் இரண்டு மூன்று நொடிச் சத்தம் செயினைப் பற்றிச் சொல்லும். சூடான பிறகு ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு ஆக்சிலரேட்டரை ஒரு அழுத்து அழுத்தினால் வரும் நீலப்புகை, டர்போ சீலையோ வால்வு சீலையோ காட்டிக்கொடுக்கும். மேனுவல் வண்டியில் நான்காவது கியரில் 2,000 சுற்றிலிருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். வேகம் ஏறாமல் சுற்று மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது, ரீமேப் செய்த வண்டியாகவும் இருக்கலாம். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்பதோடு நிம்மதி அடையாமல், ரெடினஸ் மானிட்டர்கள் (வண்டி தானே செய்துகொள்ளும் சோதனைகள்) முடிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பல மானிட்டர்கள் முடியாமல் இருந்தால் சமீபத்தில் யாரோ குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். நீண்டகால ஃப்யூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவில் செய்யும் திருத்தம்) 10 சதவீதத்துக்கு மேல் கூட்டலில் நின்றால் எங்கோ காற்று கசியலாம். கசிந்தால், குழாய்களில் புகையைச் செலுத்திப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட்டில் இடம் தெரிந்துவிடும்.

வாங்கிய முதல் வாரத்திலேயே எஞ்சின் ஆயில், ஃபில்ட்டர், ஸ்பார்க் பிளக், பிரேக் ஆயில் நான்கையும் மாற்றிவிடுங்கள். ஃபோக்ஸ்வேகனின் ஆறு கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) என்றால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்ட்டரும் மாற்றியிருக்க வேண்டும். சான்று இல்லையென்றால் அதையும் அப்போதே செய்துவிடலாம். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாத வண்டியில் கிலோமீட்டர் குறைவு என்று தள்ளிப்போட வேண்டாம், ரப்பருக்கு வயதும் ஒரு கணக்குதான். அதற்குப் பின் கம்பெனி சொல்லும் நீண்ட இடைவெளியை மறந்துவிட்டு, டர்போ எஞ்சினுக்கு 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றிக்கொண்டே வாருங்கள்.

வாகனப் பக்கத்தில் அடுத்த முறை இப்படி ஒப்பிடும்போது, ஒவ்வொரு மாடலுக்கும் எஞ்சின் குறியீட்டையும் அது கெட்டுப்போகும் இடத்தையும் குதிரைத்திறனுக்குப் பக்கத்திலேயே அச்சிடும்படி ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்