பிபாட் மேளக் கச்சேரி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

தாய்லாந்தின் ‘பிபாட்’ என்ற மரபிசைக் குழுவைப் பற்றித் தங்கள் கலைப் பக்கத்தில் வந்த கட்டுரை மகிழ்ச்சி தந்தது. ஆனால் அதை ‘மேளக் கச்சேரி’ என்று எழுதியது பொருந்தாது. அக்குழுவில் தட்டி வாசிக்கும் கருவிகள்தான் அதிகம். அவற்றில் பல வாசிப்பதோ பாட்டை!

பாட்டின் உருவத்தைக் காப்பது ‘கோங் வோங் யாய்’. பிரம்புச் சட்டத்தில் வட்டமாகக் கட்டிய 16 குமிழ்மணிகளின் (நடுவில் குமிழுள்ள சேகண்டிகளின்) நடுவே கலைஞர் அமர்ந்து வாசிப்பார். மாணவர்களுக்கும் முதல் பாடம் இதில்தான். படகு வடிவப் பெட்டிமேல் 21 அல்லது 22 மரக்கட்டைகள் தொங்கும் ‘ரனாத் ஏக்’, அதே பாட்டை விரைவான சுரங்களால் நிரப்பிக் குழுவை நடத்திச் செல்லும். நம் நாகசுரத்துக்கு உறவுபோல் ‘பி நாய்’ என்ற சீவாளிக் குழலும் உண்டு.

சுருதி சேர்ப்பதைக் கட்டுரை தொடவே இல்லை. ரனாத் ஏக்கின் ஒவ்வொரு கட்டையின் அடியிலும் இரு முனைகளை ஒட்டி, ஈயத்தூளும் தேன்மெழுகும் கலந்த உருண்டை ஒட்டப்பட்டிருக்கும். எடை கூடினால் சுருதி இறங்கும். வெயிலில் மெழுகு இளகியோ, கடினக் கோலின் அடி தாங்காமலோ உருண்டை விழுந்துவிட்டால் அந்தக் கட்டை சட்டென மேலே ஏறிவிடும். ரனாத் ஏக்கில் இரு கைகளும் பெரும்பாலும் ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயிகளில் வாசிப்பதால் பிழை உடனே காதில் குத்தும். மெழுகைச் சூடாக்கி ஒட்டி, அந்தக் கட்டையையும் அதிலிருந்து எண்ணி எட்டாவது கட்டையையும் சேர்த்துத் தட்டி, சிறிது சிறிதாகக் கிள்ளியெடுத்துச் சரிசெய்ய வேண்டும். ஈயம் நஞ்சு, பிறகு கைகழுவியே ஆக வேண்டும். ‘தபோன்’ முழவுக்குச் சுருதி சேர்க்கச் சோறும் சாம்பலும் பிசைந்த பசை. மிருதங்கத்தின் தொப்பிக்கு (இடப்பக்கத்துக்கு) ரவை அப்புவதைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல.

தாளத்தில்தான் நம் காது ஏமாறும். ‘ச்சிங்’ எனும் சிறு தாளக்கருவி திறந்து ஒலித்தால் ‘ச்சிங்’, அடக்கி ஒலித்தால் ‘ச்சாப்’. கணீரென்று கேட்பதால் ‘ச்சிங்’கையே சமம் (தாளத்தின் அழுத்தமான அடி) என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அழுத்தம் ‘ச்சாப்’பில், சொற்றொடர் அங்கேதான் வந்து முடியும். ஒலிப்பதிவைக் கேட்பவர்கள் ‘ச்சாப்’ விழும் இடத்தில் கைதட்டிப் பார்த்தால் பாட்டின் நடை பிடிபட்டுவிடும்.

இனி எழுதும்போது ‘பிபாட்’ என்ற பெயரையே பயன்படுத்த வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
இசை வாசகர்கள் சிலர்